மைனஸ் இருபது என்று எழுதியவன்

ஜூன் 2, திங்கள்

டெல்ஃபின் வந்துவிட்டாள். ஒரு பெட்டியில் துணி, மூன்று பெட்டியில் அறுக்கிற வாளும் பிளாஸ்டிக் உறையும் அளவுகோலும். பெற்ற மகள் வீட்டுக்கு வருவது மாதிரி இல்லை, ஆசாரி வேலைக்கு வந்த மாதிரி இருக்கிறது.

இரண்டு மாதம் இருப்பாள். அவள் ஆராய்ச்சி செய்யும் பனி, நான் கம்ப்ரஸர் ஓட்டும் இறால் கம்பெனியில்தான் கிடக்கிறது. நாலாம் நம்பர் சேம்பரின் மூலையில் நாற்பத்தாறு வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கை கனத்துக்கு உருளை உருளையாகப் பனி. தென் துருவத்தில் துளை போட்டு எடுத்தது. பதினாலு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்தின் குளிர் அறை படுத்துவிட, "மூணு மாசத்துக்கு மட்டும் இடம் குடுங்க" என்று கொண்டுவந்தார்கள். அந்த மூணு மாதம் இன்னும் முடியவில்லை. பேக்கிங் பிள்ளைகள் ஐஸ் மிட்டாயா என்று கேட்டதால் பெட்டிகளில் "உண்பதற்கல்ல" என்று எழுதியது நான்தான்.

டெல்ஃபினுக்குப் பதினோரு வயது இருக்கும்போது, அவள் அம்மா பிலோவின் சால்வையைச் சுற்றி உள்ளே கூட்டிப் போய்க் காட்டினேன். "எத்தனை வயசு ஐஸ்பா இது?" என்று கேட்டாள். "உன் தாத்தாவோட தாத்தா காலம்" என்று அடித்துவிட்டேன். சும்மா வாயில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு படித்துப் படித்து இங்கே வந்து நிற்கிறாள். விசாரித்தால் அது உண்மையாம்! நான் அளந்ததில் ஒன்று உருப்பட்டிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

இன்று அறுக்கும் வேலை. நான் உருளையைப் பிடித்துக்கொள்ள, அவள் வாளில் கொடுத்தாள். மைனஸ் இருபதில் அவள் மூக்கு நுனி சிவந்து, சின்ன வயதில் சளி பிடித்த முகம் திரும்பி வந்துவிட்டது. சொன்னால் வாளை என் பக்கம் திருப்புவாள்.

ஓரத்தில் மிஞ்சிய ஒரு சில்லை வெளியே கொண்டுவந்து தண்ணீர் டம்ளரில் போட்டாள். "காதை வச்சுப் பாருங்க."

வைத்தேன். கடுகு பொரிகிற மாதிரிச் சின்னச் சின்னச் சத்தம்.

"பனிக்குள்ள மாட்டின காத்துப்பா. இருநூறு வருஷத்துக்கு முந்தி அங்க வீசின காத்து. இப்பதான் வெளிய வருது."

டம்ளரைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். இருநூறு வருடத்துக்கு முன் இந்த ஊரில் எங்கள் ஆட்கள் முத்துக் குளித்துக்கொண்டு மூச்சுப் பிடித்திருப்பார்கள். அதே நேரத்து மூச்சை அங்கே பனியும் பிடித்து வைத்திருந்து, என் காதில் விடுகிறது.

அவள் தேடுவது காற்றை அல்ல, ஒரு அமிலத்தை. பெயரைச் சொன்னாள். எனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் நாற்பத்தொன்று வாங்கிய நாக்கு.

"கடல் வாடை அடிக்குதுல்லா, அது யாரு விடுறதுன்னு தெரியுமா?"

"மீன்?"

"கண்ணுக்குத் தெரியாத பாசி. அந்த வாடை காத்துல போயி அமிலமா மாறி, பனியோட சேந்து தரையில விழும். சுத்திக் கடல் எவ்வளவு உறைஞ்சு கிடந்துச்சோ, அதுக்குத் தக்கன கூடும், குறையும். போட்டோ எடுக்க ஆளே இல்லாத காலத்துக் கடலை இதை வச்சுத்தான் நாங்க பாக்கோம்."

துறைமுகத்துப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோமே, அதே வாடை. அது உலகத்தின் அடியில் போய்க் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

சாளைக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். "தென் துருவத்துக்கே பத்தும்பா" என்றாள்.

ஜூன் 14, சனி

பல்கலைக்கழகத்தில் அளந்து கொண்டுவந்துவிட்டாள். பனி இங்கே வந்த புதிதில் அதே உருளையின் மறுபாதியை அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அமிலம் அன்றைக்கு நூறு இருந்த இடத்தில் இன்றைக்கு அறுபது.

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஒரு சொட்டு உருக விடலட்டி!"

"உருகவே இல்லப்பா. பெட்டி, உறை எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு."

"பின்ன எப்படிப் போவும்?"

ஒரு தாளில் கல்கண்டு கல்கண்டாகப் படம் போட்டாள். பனி ஒரே பாளம் இல்லையாம், படிகங்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பதாம். அமிலம் அவற்றின் இடுக்குகளில் இருக்கிறது. மைனஸ் இருபதில் தண்ணீர்தான் உறையும். பனியில் கலந்த இந்த அமிலம் உறைய மைனஸ் எழுபத்தைந்துக்கும் கீழே போக வேண்டும். அதனால் சுற்றிலும் கல்லாக உறைந்திருக்க, இடுக்கில் மட்டும் அது ஈரமாகவே இருந்து, தலைமுடியைவிட மெல்லிய வழிகளில் ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்கு வந்துவிடுகிறது. சூடு கூடினால் வேகமாக, குளிர் கூடினால் மெதுவாக.

"ஓரத்துக்கு வந்து எங்க போவும்?"

"அது இன்னும் யாருக்குமே சரியாத் தெரியாதுப்பா."

இருபத்திரண்டு வருடமாகக் குளிர் போடுகிறேன். உருகாத வரைக்கும் எல்லாம் உள்ளே பத்திரம் என்பதுதான் என் தொழிலின் ஒரே வேதம். என் முதுகுக்குப் பின்னால் பதினாலு வருடமாக ஒரு கடல் நடந்து வெளியே போயிருக்கிறது. கதவு பூட்டித்தான் இருந்தது.

ஜூன் 19, வியாழன்

டெல்ஃபினின் பேராசிரியை கமருன்னிசா மேடம் வந்தார். சேலைக்கு மேல் கம்பெனி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உலகத்துல எத்தனையோ கிடங்குல இது மாதிரிப் பனி வருஷக்கணக்கா கிடக்கு. எதுல எவ்வளவு போச்சுன்னு தெரியாம எல்லாரும் முழிக்காங்க. உங்க பனி பதினாலு வருஷமும் ஒரே மைனஸ் இருபதுல இருந்துருந்தா, 'மைனஸ் இருபதுல வருஷத்துக்கு இவ்வளவு போகும்'னு நாம சொல்லிடலாம். அவங்க தங்களோட பழைய கணக்கைத் திருத்திப் படிச்சுக்கிடுவாங்க. உங்க பொண்ணோட ஆய்வே இதுலதான் நிக்கும். லாக் புக் இருக்கா?"

"இருக்கு மேடம். ஒரு நாள் விடாம இருக்கு."

ஒரு நாள் விடாமல்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

ஜூன் 20, வெள்ளி

லாக் புக் எழுதும் விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு எங்கும் எழுத முடியாது.

மணிக்கு ஒரு தடவை சேம்பர் வாசலில் உள்ள வெப்பமானியின் முள்ளைப் பார்த்து ரீடிங் போட வேண்டும். தானாக வரைகிற மெஷின் இரண்டாம் வருடமே செத்துவிட்டது. பார்ப்பது யார்? ஷிஃப்ட் முடியும் நேரத்தில், ஒரு கையில் வடை, ஒரு கையில் பேனா, எட்டு மணி நேரத்துக்கும் ஒரே மூச்சில் எழுதுவோம். மைனஸ் 20, மைனஸ் 20, மைனஸ் 20. அப்படியே விட்டால் இன்ஸ்பெக்டர் சந்தேகப்படுவார் என்று நாலாவதில் ஒரு மைனஸ் 19 போடுவேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மற்ற ஆபரேட்டர்களும் அதைப் பின்பற்றினார்கள். கரண்ட் போய் மைனஸ் ஒன்பதுக்கு ஏறின அன்றைக்கும் லாக் புக்கில் மைனஸ் இருபதுதான். இறால் கெடவில்லை, யாரும் சாகவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

லாக் புக் முழுவதையும் டெல்ஃபின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். நாலைந்து நாளாகக் கண் வீங்க உட்கார்ந்திருந்தாள். இன்று என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். நேர்கோடு. நடுவே சீராகச் சின்னச் சின்ன மேடு.

"பாருங்கப்பா, சரியா நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு டிகிரி ஏறி இறங்குது. உங்க மெஷின் தானா உறைபனி உருக்குற சுத்து இது, என்னா? பதினாலு வருஷமும் பிசகவே இல்ல. மேடம் ஆச்சரியப்பட்டுட்டாங்க."

என் கண்டுபிடிப்புக்கு விஞ்ஞான விளக்கம் கிடைத்துவிட்டது. "நல்ல மெஷின்" என்றேன். ஒன்றுக்கு இரண்டு வடை தின்றேன்.

ஜூன் 26, வியாழன்

சுடலைமுத்துவிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்த ஆபரேட்டர், என் ரீடிங் கலையின் முதல் மாணவன்.

"ஏலே கஸ்பாரு, உனக்கென்ன கிறுக்கா? புள்ள பாஸாயிட்டுப் போட்டும். தென் துருவம் வந்து சாட்சி சொல்லப் போவுதாக்கும்?"

"அவ கணக்கை வச்சு ஊரு உலகமெல்லாம் திருத்திக்கிடுமாம்லே."

"திருத்திக்கிடட்டும். நம்ம போட்டது நல்ல நம்பருதான?"

நல்ல நம்பர்தான். அதற்கும் பனிக்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 27, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

இன்றும்.

ஜூன் 29, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, சோறு போட்டதும் சொல்லிவிட்டேன். அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை நாளு இப்படிப் பாக்காம எழுதினீங்க?"

"எத்தனை நாளு பாத்து எழுதினேன்னு கேளு. எண்ணுறதுக்கு லேசு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் வெகு நேரம் ஓடியது.

ஜூலை 2, புதன்

மூன்று நாளாகப் பேச்சில்லை. ஆனால் எனக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த அறையில் இருந்தேன். "எங்கப்பாதான்" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்போதுதான் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. கம்பெனி வருடா வருடம் இனாமாக டைரி கொடுக்கும். வீணாக்க மனமில்லாமல் தினமும் ஏதாவது எழுதுவேன். அதில் பொய் எழுதி யாரிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன்? மெஷின் நின்றால், திட்டு வாங்கினால், எல்லாம் அதில் இருக்கும். சும்மா புரட்டினேன். "வால்வு உடைந்தது. மூணு நாள் மைனஸ் 11. மேனேஜர் நாய் மாதிரிக் குரைத்தார்." இன்னொன்றில், "புயல். கரண்ட் இல்லை, டீசலும் இல்லை. மைனஸ் 9. மாதாவே."

பதிமூன்று டைரிகளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். பனி வந்து பதினாலு வருடம். ஒரு டைரி அந்தப் பெட்டியில் இல்லை.

ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு பக்கம். "அப்பா!" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

ஜூலை 5, சனி

முப்பத்தொரு தடவை சேம்பர் சூடேறியிருக்கிறது, என் புலம்பல் வழியாக. ஒவ்வொன்றையும் தேதியோடு எடுத்துவிட்டாள். இடையிடையே அவளுக்குச் சிரிப்பு. "மேனேஜர் விக்கு காத்துல பறந்துச்சுன்னு எழுதிருக்கீங்க, அதுவும் கணக்குல சேருமா?"

பிறகு கேட்டாள். "எட்டு வருஷத்துக்கு முந்தினது மட்டும் இல்ல. ஊதா அட்டை, எனக்கு ஞாபகம் இருக்கு. அதுதான் முக்கியம்பா. அம்மா கடைசியா ஆஸ்பத்திரில கிடந்தப்ப பதினோரு நாளு கம்ப்ரஸர் ரிப்பேரு, நகர முடியலன்னு சொன்னீங்கள்ல? இருக்குறதுலயே நீண்ட சூடு அதுதான். அது தெரியாம கணக்கு நிக்காது."

"அதைக் கரையான் தின்னுட்டு" என்றேன். இரும்புப் பெட்டிக்குள் கரையான்! ஐ.டி.ஐ. படித்தவன் சொல்கிற பொய்யா இது?

"சரி, ஞாபகத்துல சொல்லுங்க. எவ்வளவுக்கு ஏறிருக்கும்?"

"ஒரு... மைனஸ் பத்து இருக்கும்."

எழுதிக்கொண்டாள். பதினோரு நாள், மைனஸ் பத்து. பேனாவால்.

ஜூலை 6, ஞாயிறு

ஊதா டைரி அலமாரியில் என் வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. எட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

"அக்டோபர் 3. காலை 6 மணி, மைனஸ் 21. 7 மணி, மைனஸ் 21. 8 மணி, மைனஸ் 20.5."

அப்படியே பக்கம் பக்கமாக. வேறு ஒரு வார்த்தை இல்லை. கண் அசந்த நேரம் போக மொத்தம் இருநூற்றுப் பதினேழு ரீடிங். அரை டிகிரி வரை பார்த்துப் பார்த்துப் போட்டது. கடைசிப் பக்கம் அக்டோபர் 13. "11 மணி, மைனஸ் 21." அடுத்து 12 மணி என்று எழுதியிருக்கிறேன், அதற்கு நேரே ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

கம்ப்ரஸர் அந்த வருடம் பூராவும் நன்றாகத்தான் ஓடியது.

ஜூலை 8, செவ்வாய்

ஊதா டைரியைக் கிழித்துவிடலாம். ஆனால் மைனஸ் பத்து என்று நான் சொன்னது அவள் கணக்கில் ஏறி, அங்கிருந்து எந்தெந்த நாட்டுக்கோ போகும். யாரோ ஒருவர் அதை வைத்துத் தன் பனியைத் திருத்துவார். இருநூறு வருடத்துக் கடல் என் ஒரு பொய்யின் அளவுக்குக் கோணிக்கொண்டு நிற்கும். எனக்கும் தென் துருவத்துக்கும் இப்படி ஒரு சம்பந்தம் வரும் என்று யார் கண்டது?

ஜூலை 9, புதன்

அவள் குளிக்கும்போது ஊதா டைரியை அவள் பை மேல் வைத்துவிட்டு, ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். தைரியசாலி.

ஜூலை 10, வியாழன்

காலையில் நாலாம் சேம்பருக்குள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. டெல்ஃபின் ஜாக்கெட் போட்டு, கையுறை இல்லாமல் வந்து நின்றாள்.

"கம்ப்ரஸர் ஓடிருக்கு."

"ஓடுச்சு."

"பதினோரு நாளும்."

"நல்லா ஓடுச்சுட்டி."

அவள் மூச்சும் என் மூச்சும் புகையாகப் போய்க்கொண்டிருந்தன.

"நான் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து ஒவ்வொரு பஸ்ஸா பாத்துட்டு நின்னேன்பா. ப்ளஸ் டூ படிக்கேன் அப்ப. அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'அப்பாவைத் தொந்தரவு பண்ணாத, மிஷினு நின்னா அத்தனை இறாலும் கெட்டுப்போவும்'னா."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அங்க வந்து நின்னா அவ நாளுக்கு நாளு குறையுறதைப் பாக்கணும். எனக்கு அது முடியல. இங்க வந்து முள்ளையே பாத்துக்கிட்டு இருந்தேன். இது ஒண்ணாவது கூடாம குறையாம நின்னுச்சு."

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கூடாமல் குறையாமல் நின்ற அந்தப் பதினோரு நாளும் பனிக்குள்ளிருந்து அமிலம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவள் கண் நிறைந்தது. "இங்க அழாதட்டி, இமை ஒட்டிக்கிடும்" என்றேன்.

"பேசாம இருங்கப்பா" என்றாள். இமை நிஜமாகவே ஒட்டிக்கொண்டது. என் உள்ளங்கையை ஊதிச் சூடாக்கி அவள் கண்மேல் வைத்தேன். தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆய்வு ஒரு வருடம் தள்ளிப் போகிறதாம். "மைனஸ் இருபதில் இவ்வளவு" என்று அடித்துச் சொல்ல முடியாது. "இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்" என்றுதான் சொல்லலாமாம். மேடம் என்னிடம் போனில் பேசினார். திட்டினார். பிறகு, "இந்த மாதிரி எல்லாக் கிடங்கு லாக் புக்கையும் இனி நான் வேற கண்ணாலதான் பாப்பேன் அண்ணாச்சி" என்றார். பாராட்டா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா திருவிழா. சப்பரத்தில் மாதா. தெருவெல்லாம் உப்பும் வியர்வையுமாகக் கூட்டம். பனியையே கண்ணால் பார்க்காத ஊர் பனியின் பெயரால் ஒரு தாயைக் கும்பிடுகிறது. வருடா வருடம் கும்பிட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் அந்தப் பெயர் உறைத்தது. இதே ஊரில், இறால் பெட்டிக்குப் பக்கத்தில், இருநூறு வருடத்துப் பனியைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம் எனக்கு. உலகத்தின் அடியில் விழுந்த கடல் வாடை ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் இன்னொரு கடற்கரையில் வந்து வெளியே போயிருக்கிறது. அதில் கொஞ்சம் நான் மூச்சில் இழுத்திருப்பேன். இழுத்ததே தெரியாமல்.

டெல்ஃபின் போன வாரமே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். போகும்முன் ஒரு படம் ஒட்டிவிட்டுப் போனாள், கம்ப்ரஸர் அறைச் சுவரில். பதினாலு வருடமும் ஒரு சாம்பல் பட்டை, நிச்சயமாகத் தெரியாது என்பதற்காக. நடுநடுவே முப்பத்தொரு சிவப்பு முள். எட்டு வருடத்துக்கு முன்னால், அக்டோபரில், மயிரிழை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. "பதினாலு வருஷத்துல சத்தியமாத் தெரிஞ்சது இந்தப் பதினோரு நாளு மட்டுந்தான்பா. மெஷின் நல்லா இருந்தா எவ்வளவுல நிக்கும்னு இதை வச்சுத்தான் மத்ததைக் கணிக்கோம்." படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் "ஆதாரம்: கஸ்பாரின் நாட்குறிப்பு". சுடலைமுத்து அதைப் பார்த்துவிட்டு எனக்கு சல்யூட் அடித்தான். பிறகு அவனும் எழுந்து போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து எழுதினான்.

புதுக் கருவி வைத்திருக்கிறார்கள், தானாகவே குறித்துக்கொள்ளும். என் ரீடிங் இனி யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் மதியம் ஒரு தடவை போனில் அவளிடமிருந்து ஒரு வரி வரும்: "எவ்வளவுப்பா?" அவளுக்கு அங்கே கம்ப்யூட்டரிலேயே தெரியும். நான் சேம்பர் வாசலுக்குப் போய், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்துப் பதில் போடுவேன்.

இன்றும் வந்தது. எல்லாரும் திருவிழாவுக்குப் போய்விட்டதால் கம்பெனியில் நான் ஒருவன்தான். போய்ப் பார்த்தேன். "மைனஸ் 20.5" என்று அனுப்பினேன்.

"சரி. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்று தட்டினேன். அனுப்பும்முன் அதை அழித்துவிட்டு, "இன்னும் இல்ல" என்று அனுப்பினேன்.